7 மீட்டர் மைக் ஒயர்

கச்சேரி முடிந்து வீடு வந்து சேர்ந்தபோது மணி பத்தரை. கை கால் கழுவிக்கொண்டு நேரே பால்கனிக்குப் போய், அங்கே வேலைக்கென்று வைத்திருக்கும் பலகையில் அந்த மைக் கேபிளைப் போட்டேன். இரண்டு முனைகளின் கூட்டையும் திருகிக் கழற்றினேன். மைக்கில் மாட்டும் முனையில் இருக்கும் மூன்று பின்களில் 2ஆம் பின்னும் 3ஆம் பின்னும் சரியாக இருந்தன. 1ஆம் பின்னில் ஷீல்டை, அதாவது உள் கம்பிகளைச் சுற்றி வரும் மெல்லிய கம்பி உறையை, முறுக்கி ஈயம் வைத்திருந்தார்கள். பார்வைக்கு ஒட்டித்தான் இருந்தது. ட்வீசரால் லேசாக இழுத்தேன், முழுசாகக் கையோடு வந்துவிட்டது. ஈயம் பின்மேல் தனியாக ஒரு மணி போல உட்கார்ந்திருந்தது. ஷீல்டின் இழைகள் அதிலிருந்த குழியில் வெறுமனே செருகியபடி இத்தனை மாதம் ஓடியிருக்கின்றன.

ஓர் இழையை எடுத்துப் பிளேடால் சுரண்டினேன். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. அலுமினியத்துக்குச் செம்புப் பூச்சு. வாங்கிய உறையில் சுத்தச் செம்பு என்று அச்சடித்திருந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அன்று சாயங்காலம் சின்ன சபா ஒன்றில் மார்கழிக் கச்சேரி. பாடியது இருபது வயதுப் பெண். அவளுக்கு அதுதான் முதல் முழுநீளக் கச்சேரி. தோடி ஆலாபனையில் மேல் ஷட்ஜத்தைப் பிடிக்கப் போகும் நேரத்தில் ஸ்பீக்கரில் பட், பட் என்று வெடித்தது. அவள் முன்னால் இருந்த கண்டென்சர் மைக்குக்கு, ஒலிகளைக் கலக்கும் மிக்ஸரிலிருந்து 48 வோல்ட் போக வேண்டும். அந்த மின்சாரம் 2, 3 பின்கள் வழியாகப் போய் 1 வழியாகத் திரும்புகிறது. 1 விட்டு விட்டுத் தொட்டால் மைக் செத்துச் செத்துப் பிழைக்கும், ஒவ்வொரு தடவையும் அரங்கம் அதிரும். அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், பயம்தான் இருந்தது. நான் சானலை அடைத்துவிட்டு, குனிந்தபடியே மேடையேறி வேறு கேபிள் மாற்றிவிட்டு வந்தேன். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. ஆனால் அந்தத் தோடி திரும்பவில்லை. சுருக்கமாக முடித்துக்கொண்டு கிருதிக்குப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து என் மேடைக்குப் போகிற மைக் கேபிள் எல்லாம் என் கையால் செய்தவை.

ஈயம் வைக்கக் கற்றுக்கொடுத்தவர் என் சித்தப்பா. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் அவருடைய ஹார்ன்தான் மரத்தில் ஏறும். எட்டாம் வகுப்பு லீவில் கடைக்குப் போனபோது, "உனக்குத்தான் விரல் சின்னது, நீ பிடிடி" என்று சால்டர் அயர்னை என் கையில் கொடுத்தார். முதல் நாள், வாத்தியத்தை ஆம்ப்ளியோடு இணைக்கும் பி-38 ஜாக் ஒன்றில் பத்துத் தடவை ஈயம் வைத்து, பத்துத் தடவை எடுக்க வைத்தார். "ஈயம் பளபளன்னு ஓடி ஒயரைக் குடிக்கணும்மா. மேல உக்காந்துச்சுன்னா அது ஒட்டு இல்ல, அழுக்கு" என்பார். பால்கனியில் அந்த மணியைப் பார்த்தபோது இந்த வார்த்தைதான் காதில் விழுந்தது.

அந்தக் கடையில்தான் இன்னொன்றையும் பார்த்தேன். ஒரு திருவிழா ராத்திரி, சொற்பொழிவின் இடைவெளிகளில் ஹார்னிலிருந்து மெலிதாகத் திருச்சி வானொலி கேட்டது. ஜனங்கள் சிரித்தார்கள். சித்தப்பா ஒயரைக் கையால் தடவிக்கொண்டே போய் நடுவில் இருந்த ஒரு ஜாயின்ட்டைப் பிரித்தார். பச்சையாகக் களிம்பு பிடித்திருந்தது. களிம்பு ஏறிய இணைப்பு ரேடியோப் பெட்டிக்குள் இருக்கும் டயோடு மாதிரி வேலை செய்து, நீள ஒயர் ஏரியலாகி, நிலையத்தையே பிடித்துவிடும் என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். அன்று அவர் சொன்னது, "ஒட்டு கெட்டா ஊர்ல இருக்கறது எல்லாம் உள்ள வரும்" என்பது மட்டும்தான்.

மைக் ஒயரில் ஓடுவது எவ்வளவு சின்னது என்று யோசித்துப் பார்த்தால்தான் இதன் அருமை தெரியும். பாடகர்கள் கையில் சாதாரணமாகப் பார்க்கும் டைனமிக் மைக் சுமாரான சத்தத்துக்கு ஒன்றிரண்டு மில்லிவோல்ட்தான் தரும். அதற்கு ஒரு சாண் தள்ளி 230 வோல்ட் ஓடுகிறது. தோரணத்துக்குச் சீரியல் செட் போட்டிருக்கிறார்கள், ஃபேன் ரெகுலேட்டர் இருக்கிறது, எல்லார் மடியிலும் செல்போன். இத்தனைக்கும் நடுவே அந்தக் குரல் மிக்ஸர் வரை பத்திரமாகப் போய்ச் சேருவதற்குக் காரணம், உள்ளே முறுக்கிக்கொண்டு ஓடும் இரண்டு கம்பிகள். ஒன்றில் ஒலி நேராகவும் இன்னொன்றில் தலைகீழாகவும் போகிறது. வெளியிலிருந்து வரும் உறுமல் இரண்டிலும் ஒரே மாதிரி ஏறுகிறது. மிக்ஸர் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுப்பதால் உறுமல் கழிந்துபோகிறது, குரல் நிற்கிறது. இந்த முறுக்கு யோசனைக்கு கிரகாம் பெல் 1881லேயே டெலிபோன் கம்பிகளுக்காகக் காப்புரிமை வாங்கினார். மைக்குக்காக யாரும் புதிதாகக் கண்டுபிடித்தது இல்லை.

மூன்று பின் கனெக்டருக்குப் பழைய மைக் செட்காரர்கள் கேனான் என்றுதான் சொல்வார்கள். லாஸ் ஏஞ்சலஸில் 1915ல் ஜேம்ஸ் கேனான் தொடங்கிய கம்பெனியின் பெயர் அது. கேமரா கம்பெனிக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. நான் வாங்குவது நியூட்ரிக். ஐரோப்பாவில் லீக்டன்ஸ்டைன் என்ற குட்டி நாட்டிலிருந்து வரும் கம்பெனி. ஒயரைக் கவ்வும் பல் அதில் நன்றாக இருக்கும். கழற்றி மாட்ட ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம், பின்மூடியைக் கையால் திருகினால் போதும்.

சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் ரிச்சி தெருவுக்குப் போவது எனக்குப் பிடித்த விஷயம். கேபிளை மீட்டர் கணக்கில் அளந்து தரும் கடைகளில் வாங்குவதற்கு முன், முனையில் ஒரு சாண் வெட்டிக் காட்டச் சொல்வேன். தோலை உரித்து ஷீல்டைப் பார்ப்பேன். பின்னல் அடர்த்தியாக, உள்ளே இருக்கும் தோல் தெரியாமல் இருக்க வேண்டும். ஒரே பக்கமாகச் சுற்றி விட்டிருந்தால் வளைக்க வளைக்க இடைவெளி விழும். வீட்டில் நகராமல் கிடக்கும் ஒயருக்கு அது போதும், மேடைக்கு ஆகாது. பிறகு ஓர் இழையைச் சுரண்டிப் பார்ப்பேன். கடைக்காரர்கள் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. ஒருவர் இப்போதெல்லாம் நான் கேட்பதற்கு முன்பே பிளேடை எடுத்து நீட்டுகிறார்.

சீரியல் செட்டும், விளக்கு வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரும் அதிகமுள்ள கல்யாண மண்டபங்களுக்கு மட்டும் நாலு கம்பி கேபிள் வாங்குவேன். எதிரெதிராக இருக்கும் ஒரே நிறக் கம்பிகள் இரண்டையும் சேர்த்து ஒரு பின்னில் வைக்க வேண்டும். விலை கூடுதல், ஈயம் வைக்கவும் நேரமாகும். ஆனால் காந்தப்புலத்தால் வரும் உறுமலை அது அடக்குவதைக் காதால் கேட்டிருக்கிறேன்.

இனி வேலை. முதலில் கனெக்டரின் பின்மூடியையும் கவ்வும் பல்லையும் ஒயரில் கோத்துவிட வேண்டும். ஈயமெல்லாம் வைத்து முடித்தபின் மூடி மேஜையில் கிடப்பதைப் பார்த்தால், அத்தனையையும் எடுத்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். வெளித்தோலைச் சுற்றிலும் லேசாகக் கீறி, வளைத்து உடைத்து உருவுவேன். ஆழமாகக் கீறினால் ஷீல்டின் இழைகள் அறுபடும், அறுபட்ட ஓர் இழை உள்ளே எங்காவது 2ஐத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஷீல்டைப் பிரித்து முறுக்கி, அதன்மேல் ஸ்லீவ் ஏற்றுவேன். உள் கம்பிகளின் தோலை நாலைந்து மில்லிமீட்டருக்கு மேல் உரிப்பதில்லை.

பிறகு ஈயம். 60/40 ஈயக் கம்பியைத்தான் பயன்படுத்துகிறேன், 60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு காரீயம். 183 டிகிரியில் இளக ஆரம்பித்து 190ஐ ஒட்டி முழுதாக உருகிவிடும். காரீயம் கலக்காத வகைக்கு 217க்கு மேல் வேண்டும், அந்தச் சூட்டில் மலிவான ஒயரின் தோல் சுருங்கி மேலே ஓடிவிடுகிறது. முதலில் கம்பிகளின் நுனியில் தனியாக ஈயம் பூசுவேன். பிறகு பின்னின் கிண்ணத்தில் பாதிக்கு ஈயத்தை நிரப்பி, அயர்னின் நுனியைக் கிண்ணத்தின் வெளிப்பக்கத்தில் சாய்த்து வைப்பேன். இரண்டு விநாடியில் உள்ளே இருக்கும் ஈயம் கண்ணாடி மாதிரி மினுக்கும். அந்த மினுக்கம் வந்த நொடியில் கம்பியை உள்ளே இறக்கி, அயர்னை எடுத்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்பேன். மினுக்கம் ஓரத்திலிருந்து நடுவுக்கு மங்கி, கெட்டியாகும். அதற்குள் கை ஆடிவிட்டால் மேல்பரப்பு சாம்பல் பூத்தது போல மங்கிச் சொரசொரப்பாகிவிடும். அதைத் திரும்பச் சூடுகாட்டி உருக்காமல் விடக்கூடாது. ஜன்னலைத் திறந்து வைத்திருப்பேன். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் வீட்டில் எதையும் தொடமாட்டேன்.

எல்லாம் முடிந்ததும், இணைப்பு இருந்தால் பீப் அடித்துக் காட்டும் மல்டிமீட்டர். 1க்கு 1, 2க்கு 2, 3க்கு 3 பீப் அடிக்க வேண்டும். 1க்கு 2, 2க்கு 3, 1க்கு 3 அடிக்கக்கூடாது. பீப் அடித்துக்கொண்டிருக்கும்போதே முனையைப் பிடித்து ஆட்டி, வளைத்து, இழுத்துப் பார்ப்பேன். மேடையில் அதற்கு நடக்கப்போவது அதுதானே.

இந்தச் சோதனையை ஒரு தடவை விட்டுவிட்டேன். எனக்கு வீணை சொல்லித்தரும் மாமியின் வாசிப்பை அவர் வீட்டு ஹாலில் பதிவு செய்தோம். இரண்டு மைக், இரண்டும் புதிதாகச் செய்த கேபிள். ஹெட்போனில் வீணை அகலமாக, இரண்டு காதுக்கும் வெளியே நிற்பது போல இருந்தது. நன்றாக இருக்கிறது என்றே நினைத்தேன். மறுநாள் மாமி போன் பண்ணினார். "என் மந்தர ஸ்தாயி எங்கேம்மா போச்சு? போன்ல கேட்டா தகரத்த தட்டற மாதிரி இருக்கே." ஒரு கேபிளில் ஒரு முனையில் மட்டும் 2ஐயும் 3ஐயும் மாற்றி வைத்திருந்தேன். இரண்டு மைக்கும் ஒன்றுக்கொன்று எதிராகப் போக, போனின் ஒற்றை ஸ்பீக்கரில் இரண்டும் சேர்ந்தபோது அடித்தளமே கழிந்துவிட்டது. கணினியில் ஒரு பக்கத்தைத் தலைகீழாக்கிச் சரிசெய்ய முடிந்தது. மந்தரப் பஞ்சமம் திரும்பி வந்து ஹாலை நிரப்பியதை மாமிக்குப் போட்டுக் காட்டியபோதுதான் எனக்கு உயிர் வந்தது. 2தான் நேர் முனை என்று ஆடியோ எஞ்சினியரிங் சொசைட்டி 1992ல் எழுதிவைத்துவிட்டது. அதற்கு முந்திய சில பழைய கருவிகளில் 3 நேர் முனையாக இருக்கும். பழைய ஆம்ப்ளி வாங்குகிறவர்கள் பார்த்து வாங்குங்கள்.

செலவு மிச்சமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். நல்ல கனெக்டர், நல்ல ஒயர் போட்டால் மலிவான ரெடிமேட் கேபிளைவிடக் கண்டிப்பாக அதிகம் ஆகும். அதே தரத்து ரெடிமேட் கேபிளோடு ஒப்பிட்டால் நாமே செய்வது குறைவுதான். சின்னக் கேபிளில் கனெக்டர்தான் விலையைத் தின்னும், நீளம் கூடக்கூட ஒயர் தின்னும். ஒரு கேபிளுக்கு எனக்கு அரை மணி நேரம் ஆகிறது. அந்த நேரத்துக்குக் கூலி போட்டுப் பார்த்தால் மிச்சம் என்று சொல்ல வாய் வராது. காசுக்காகத் தொடங்குகிறவர்கள் நாலாவது கேபிளில் விட்டுவிடுவார்கள்.

ஒலி நன்றாக இருக்குமா என்பது அடுத்த கேள்வி. ஒழுங்காகச் செய்த இரண்டு மைக் கேபிள்களுக்கு நடுவே என் காதுக்கு வித்தியாசம் தெரிந்ததில்லை. ஆயிரக்கணக்கில் விலை சொல்கிறவர்கள் ஆக்சிஜன் நீக்கிய செம்பு என்பார்கள். சாதாரணமாக ஒயருக்குப் போகும் செம்புக்கும் அதற்கும் மின்கடத்தலில் ஏறத்தாழ ஒரு சதவீதம்தான் வித்தியாசம். மின்சாரம் கம்பியின் மேற்பரப்பில் மட்டும்தான் ஓடும் என்று பயமுறுத்துவார்கள். காது கேட்கும் எல்லையான 20,000 ஹெர்ட்ஸில்கூட அது செம்புக்குள் கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டர் ஆழம் போகிறது. மைக் ஒயரின் இழை அதைவிட எவ்வளவோ மெல்லியது. அந்தப் பணத்தை வைத்து இன்னொரு மைக் வாங்குங்கள், இல்லை ஒரு வித்வானுக்குச் சன்மானம் கூட்டிக் கொடுங்கள்.

ஒயர் ஒலியை மாற்றும் இடமும் இருக்கிறது. யு. ஸ்ரீனிவாஸ் கர்நாடக மேடைக்குக் கொண்டுவந்த மின் மாண்டலினை எடுத்துக்கொள்ளுங்கள். கிதார் போலவே அதில், தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள் பிக்கப். அதிலிருந்து ஆம்ப்ளிக்குப் போகும் பி-38 ஒயர், மீட்டருக்குச் சுமார் 100 பிகோஃபாரட் கொள்திறன் உள்ளது; ஒயர் நீள நீள இது கூடி, மேல் ஒலிகளை விழுங்கும். மூன்று மீட்டரில் தெரியாது. பத்து மீட்டரில் உச்ச ஸ்தாயியின் மினுமினுப்பு மங்கி, போர்வை போர்த்தியது போல ஆகிவிடும். என்னிடம் வந்த ஒரு மாண்டலின் பையன், வாத்தியத்தில்தான் கோளாறு என்று இரண்டு தடவை பிக்கப்பைக் கழற்றி மாட்டியிருக்கிறான். மூன்று மீட்டரில் ஒயர் செய்து, பக்கத்தில் ஒரு டிஐ பெட்டி, அதாவது வாத்தியத்தின் ஒலியை மைக் ஒயரில் போகும்படி மாற்றித் தரும் பெட்டி, வைத்துக் கொடுத்தேன். வாசித்துவிட்டு, "அக்கா, இது என் மாண்டலினா?" என்று கேட்டான்.

ஸ்பீக்கர் ஒயரிலும் அப்படித்தான், அங்கே தடிமன்தான் கணக்கு. 20 மீட்டர் தள்ளி இருக்கும் 4 ஓம் பெட்டிக்கு 0.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் இழுத்தால், ஆம்ப்ளி தரும் சக்தியில் கால் பங்கு ஒயரைச் சூடாக்கவே போய்விடும். 2.5 போடுங்கள். வெளிப் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கிறதே என்று வாத்தியத்துக்கான பி-38 ஒயரை ஸ்பீக்கருக்கு மாட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. உள்ளே இருப்பது நூல் போல ஒற்றைக் கம்பி.

யுஎஸ்பி, எச்டிஎம்ஐ எல்லாம் கடையில்தான் வாங்குகிறேன். அங்கே கம்பிகளின் நீளமும் முறுக்கும் இம்மி பிசகக்கூடாது, கை வேலைக்கு அடங்காது. கரண்ட் ஒயரும் ஐஎஸ்ஐ முத்திரை பார்த்து வாங்குவதுதான், உயிர் சம்பந்தப்பட்டது.

எனக்குக் கடைக் கேபிளில் பெரிய குறை நீளம். மூன்று, ஐந்து, பத்து மீட்டரில் வரும். நான் வழக்கமாக வேலை செய்யும் சபாவில் சுவரிலிருக்கும் பெட்டியிலிருந்து பாடகரின் மைக் ஸ்டாண்டு வரை, மேடை விளிம்பை ஒட்டிச் சுற்றிக்கொண்டு போனால் 7 மீட்டர். ஐந்து எட்டாது. பத்து போட்டால் மீதி மூன்று மீட்டர் மிருதங்கக்காரரின் காலடியில் சுருண்டு கிடக்கும். எழுந்திருக்கும்போது ஒருநாள் ஒருவர் அதில் கால் மாட்டித் தடுமாறினார். மிருதங்கம் கையில் இருந்தது. நான் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், அந்த நொடியை மறக்க முடியவில்லை.

அதற்காகவே 7 மீட்டரில் ஒரு ஜோடி செய்தேன். இரண்டு முனையிலும் பச்சை ஸ்லீவ், உள்ளே செய்த தேதி எழுதிய சின்னத் துண்டு. போன மாதம் ஊருக்குப் போனபோது ஒன்றை எடுத்துப் போனேன். சித்தப்பா கடையை மூடிப் பல வருஷம் ஆகிறது. கண்ணில் புரை, அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்திருக்கிறார்கள். திண்ணையில் உட்கார்ந்தபடி கேபிளை வாங்கி, முனையிலிருந்து முனை வரை விரல்களுக்கு நடுவே உருவவிட்டார். கனெக்டரைப் பிடித்து இழுத்தார். காதருகே வைத்து ஆட்டினார். பிறகு அவர் சுருட்டும் விதத்தில் சுருட்டினார், ஒரு சுற்று நேராக, அடுத்த சுற்றை உள்பக்கம் திருப்பி. முழங்கையில் சுற்றினால் உள் கம்பி முறுக்கேறிச் செத்துவிடும் என்று எத்தனை பையன்களைத் திட்டியிருக்கிறார். அவிழ்த்து வீசியதும் ஒரு சிக்கல் இல்லாமல் முற்றம் வரை ஓடி நீண்டது.

"எவ்வளவு நீளம்?"

"ஏழு மீட்டர் சித்தப்பா. மேடையை அளந்து செஞ்சேன்."

"ஸ்டாண்டுக்கு மேல ஏற விட்டியா?"

விடவில்லை. தரையில் மட்டும்தான் அளந்திருந்தேன். அந்தக் கேபிளைப் போட்ட இரண்டு கச்சேரியிலும் ஒயர் ஸ்டாண்டின் அடியில் விறைப்பாக நின்றதும், நான் ஸ்டாண்டையே ஒரு சாண் நகர்த்தி வைத்ததும் அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"ஒரு மீட்டர் சேத்து வெட்டும்மா" என்றார்.

சென்னை திரும்பியதும் ரிச்சி தெருவுக்குப் போய் 16 மீட்டர் வாங்கினேன். ஒன்று முடிந்துவிட்டது. இன்னொன்றுக்கு ஒரு முனை பாக்கி.